மறு: ஓவர்ஹோலும் ரீகண்டிஷனும் ஒரே சொல்லா?

அன்பின் கலைச்சொல் குழுவினருக்கு,

எஞ்சினை ஓவர்ஹோல் செய்வதற்கும் (பிரித்து, தேய்ந்ததை மாற்றித் திரும்பப் பூட்டுவது) வேறு எஞ்சின் போடுவதற்கும் சேர்த்து ‘பொறிப் புதுப்பிப்பு’ என்று ஒரே சொல்லை வைத்துக்கொள்ளலாம் என்று நேற்றைய மடலில் ஒரு நண்பர் எழுதியிருந்தார். தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள். சொல் தெளிவில்லாததால் எங்கள் வீட்டில் பெரிய காசு போயிருக்கிறது.

தம்பி களுவாஞ்சிகுடியிலிருந்து கொழும்புக்கு ஆள் ஏற்றுகிறான். டொல்பின் வேன் (டொயோட்டா ஹயஸ்), 2779 சிசி 3எல் டீசல் எஞ்சின். நாலு இலட்சம் கிலோமீற்றர் தாண்டியதும் நீலப் புகை வந்தது, ஒயில் குறைந்தது, காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்தது. இறக்கி ஓவர்ஹோல் செய்யலாம், இல்லையென்றால் ‘ரீகண்டிஷன் எஞ்சின்’ வாங்கிப் போடலாம் என்றார் கராஜ் பாஸ் (மெக்கானிக்). தம்பி இரண்டாவதை எடுத்தான். ரீகண்டிஷன் என்றால் யாரோ திறந்து, தேய்ந்ததை மாற்றித் தருகிறார்கள் என்று அவன் நம்பினான். வந்தது ஜப்பானில் ஓடிய வாகனத்திலிருந்து கழற்றிய எஞ்சின். அதை எவரும் திறந்தே பார்த்ததில்லை. இரண்டு மாதத்தில் ஒயில் அழுத்தம் விழுந்து பெயாரிங் தட்டத் தொடங்கியது.

ரீகண்டிஷன் வாகனம் என்றால் வெளிநாட்டில் ஓடி வந்தது என்று இலங்கையில் எல்லாருக்கும் தெரியும். எஞ்சின் என்று வரும்போதுதான் அந்தச் சொல் ஆளை ஏமாற்றுகிறது. ஆகவே என் முதல் பரிந்துரை ‘பாவித்த பொறி’. பாவித்தல் என்றால் போலச் செய்தல் அல்லவா என்று தமிழ்நாட்டு நண்பர்கள் கேட்பீர்கள். எங்களுக்கு அது அன்றாடச் சொல். நுகர்வோரையே பாவனையாளர் என்கிறோம். உங்களுக்கு ‘பயன்படுத்திய பொறி’ சரி. ‘மீள்’, ‘மறு’ என்ற முன்னொட்டு மட்டும் வேண்டாம். செய்யாத வேலையைச் செய்ததாக அது சொல்லிவிடும்.

அப்புறம் ஓவர்ஹோல். ‘மறுசீரமைப்பு’ 2022க்குப் பிறகு இங்கே நாட்டுக் கடனோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பாஸ்மார் ‘இறக்கிச் செய்வது’ என்கிறார்கள். ஆனால் மாற்றுவதற்கும் எஞ்சினை இறக்கத்தானே வேண்டும்?

நான் முன்வைப்பது ‘பிரித்துவேய்தல்’. கிடுகு (பின்னிய தென்னோலை) வேய்ந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மாரிக்கு முன்னர் கூரையைப் பிரிப்போம். உக்கிய கிடுகையும் உளுத்த தடியையும் எறிந்துவிட்டு, கூரையைத் தாங்கும் நல்ல வளை மரத்தை அப்படியே வைத்துப் புதுக் கிடுகு வேய்வோம். எஞ்சினிலும் அதே வேலைதான். எல்லாவற்றையும் கழற்றி, சிலிண்டரைக் கடைந்து அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள், அல்லது சிலிண்டரின் உள்ளுறையான லைனரை மாற்றுவார்கள். ரிங், பெயாரிங், கேஸ்கட் எல்லாம் புதிது. எஞ்சினின் உடலான புளொக் மட்டும் பழையது. வளையே உளுத்திருந்தால் யாரும் கூரையைப் பிரித்து வேய்வதில்லை. புளொக் வெடித்திருந்தாலும் அப்படித்தான், வேறு எஞ்சின் தேட வேண்டியதுதான். ‘வளை நல்லாயிருக்கா?’ என்ற முதல் கேள்வியை இந்தச் சொல்லே வண்டிக்காரரைக் கேட்க வைக்கும்.

பேச்சில் ‘மேய்தல்’ என்போம். எழுத்தில் ‘வேய்’ இருக்கட்டும், மாட்டோடு குழம்பாது.

வேறு எஞ்சின் போடுவதற்குப் ‘பொறிமாற்று’ போதும். ‘சிறுநீரக மாற்று’ ஏற்கெனவே பழகிய அமைப்பு. ‘மாற்றுப்பொறி’ என்று திருப்பிப் போட்டால் மின்மோட்டாரை நினைப்பார்கள். படிவங்களுக்கும் இந்த வேறுபாடு தேவை. எஞ்சின் இலக்கம் புளொக்கில் பொறித்திருப்பதால் பிரித்துவேய்ந்தால் இலக்கம் மாறாது. பொறிமாற்று என்றால் பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கம் பொருந்தாது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த வண்டியையே ஓட்டினோம். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இந்தச் சொற்கள் தேவைப்படாத வண்டிக்காரர் குறைவு.

‘பிரித்துவேய்வு’ என்று சுருக்கலாமா என்பதில் எனக்கு இன்னும் முடிவில்லை, உங்கள் எண்ணத்தை எழுதுங்கள். தம்பியின் பழைய எஞ்சின் கொட்டிலில்தான் கிடக்கிறது. சென்ற கிழமை லேத் பட்டறையில் அளந்து பார்த்தோம். புளொக்கில் வெடிப்பில்லை, சிலிண்டரும் கடைகிற அளவுக்குள்தான் தேய்ந்திருக்கிறது. அதைப் பிரித்துவேயப் போகிறோம்.