வெளிநாட்டு உறவுகளை விட்டு விலகாமல் சமூக ஊடகத்தைக் குறைப்பது எப்படி?

கொக்குவில் வாசகி:
வணக்கம். கணவரின் உடன்பிறந்தவர்கள் ரொறன்ரோவிலும், என் தங்கை லண்டனிலும் இருக்கிறார்கள். மாமியை இங்கே நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோம் என்பதால், வட்ஸ்அப் குடும்பக் குழுவிலிருந்து வெளியேறுவது பேச்சுக்கே இடமில்லாத விடயம். எங்களுக்கு இரவு பத்து மணியாகும்போது ரொறன்ரோவில் கோடைகாலமென்றால் நண்பகல் பன்னிரண்டரை. நாங்கள் படுக்கப்போகும் நேரத்தில்தான் குழு சூடுபிடிக்கிறது. சாமத்திய வீட்டுப் படங்கள், புதிதாக வாங்கிய வீட்டின் படங்கள், இடையில் யாரோ ஒருவரின் மரண அறிவித்தல் என்று வந்துகொண்டே இருக்கும். பதில் எழுதிவிட்டு முகநூலுக்குள் நுழைந்தால் நள்ளிரவு கடந்துவிடுகிறது. மே மாதத்தில், 2009 ஆம் ஆண்டு இறுதிப் போரின் படங்களை எந்த முன்னறிவிப்புமின்றிச் சமையல் காணொளிகளுக்கு நடுவே காண நேர்கிறது. விடியும்போது மனம் பாரமாக இருக்கிறது. பிள்ளைகள் மீது எரிந்து விழுகிறேன். கணக்கை மூடுங்கள் என்பதைத் தவிர, நடைமுறையில் கைகொடுத்த வழி இருந்தால் எழுதுங்கள்.

பனங்கூடல்:
குடும்பக் குழுவையும் முகநூலையும் முதலில் வெவ்வேறாகப் பிரித்துப் பாருங்கள். குழுவில் கடைசிச் செய்தியைப் படித்துவிட்டால் அதற்குமேல் ஒன்றுமில்லை. முகநூலிலும் ரிக்ரொக்கிலும் அந்த முடிவே வேண்டுமென்று அகற்றப்பட்டிருக்கிறது. தள்ளத் தள்ள முடியாமல் நீளும் பக்கத்தை 2006 இல் வடிவமைத்த அசா ரஸ்கின், பின்னாளில் அதற்காகத் தாமே வெளிப்படையாக வருந்தினார். ஆகவே, நிறுத்த முடியவில்லையே என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

குழுவின் அறிவிப்பொலியை நிரந்தரமாக நிறுத்திவையுங்கள். தனிப்பட்ட அழைப்புகள் அப்போதும் ஒலிக்கும். படங்கள் தானாகத் தரவிறங்குவதையும் நிறுத்தினால், அவை மங்கலாகவே நிற்கும். விரும்பியதை மட்டும் தொட்டுப் பார்க்கலாம். முகநூலில் ஒருவரின் பதிவுகளை, நட்பை முறிக்காமலும் அவருக்குத் தெரியாமலும், 30 நாட்களுக்கு ஒதுக்கிவைக்கும் வசதி உண்டு. மே மாதத்துக்கு அது போதும். காணொளிகள் தாமாக ஓடுவதையும் அமைப்புகளில் தடுத்துவிடுங்கள்.

வாசிகசாலை:
மேலே சொல்லப்பட்டவை பயனுள்ளவை என்றாலும், எவ்வளவு நேரம் போகிறது என்று தெரியாமல் எதைக் குறைப்பது? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களைக் கொண்டு நடத்தி 2018 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சாரார் முகநூல், இன்ஸ்டகிராம், ஸ்னப்சற் ஒவ்வொன்றையும் நாளுக்குப் பத்து நிமிடத்துக்குள் மூன்று வாரங்கள் மட்டுப்படுத்தினார்கள். அவர்களிடம் தனிமையுணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. என்னைக் கவர்ந்தது மற்றச் சாரார்தான். வழமைபோல் பயன்படுத்தி, பாவனை நேரத்தைப் பதிவு மட்டும் செய்த அவர்களிடமும் பதற்றம் குறைந்திருந்தது. அமெரிக்க மாணவர்களின் மூன்று வாரம், மாமியைப் பராமரிக்கும் ஒருவருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் வாதாடமாட்டேன். ஆனால் கைத்தொலைபேசியே காட்டும் பாவனை நேரத்தை ஒரு வாரம் குறித்துப் பார்ப்பதில் நட்டமொன்றுமில்லை.

மே மாதப் படங்களைப் பற்றி எனக்குச் சற்று வேறுபட்ட கருத்து உண்டு. அவற்றை ஒதுக்கிவைப்பது மறப்பதாகிவிடுமோ என்ற உறுத்தல் எங்களில் பலருக்கு இருக்கிறது. கஞ்சி காய்ச்சிப் பகிர்வதும் விளக்கேற்றுவதும் பலர் கூடிச் செய்பவை. அழுதால் தோளைத் தொட ஆளிருக்கும். நள்ளிரவில் தனியே படுத்திருந்து, அடுத்தது என்னவென்று தெரியாமல் விரலால் தள்ளிக்கொண்டு போகும்போது அந்தத் துணை இல்லை. நினைவுகூரலை அந்த நாளுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் உரியதாக வைத்துக்கொண்டு, திரையில் வருவதைத் தயங்காமல் ஒதுக்குங்கள். நித்திரையின்மையும் மனப்பாரமும் வாரக்கணக்கில் தொடர்ந்தால், திரையை மட்டும் குறை சொல்லிக்கொண்டிராமல் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கமான 1926 ஐயும் அழைக்கலாம்.

ஸ்காபரோ மருமகன்:
அக்கா, இக்கரையிலிருந்து ஒரு சொல். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கையில் தொலைபேசி இருப்பதால்தான் அந்நேரத்தில் படம் போடுகிறோமே தவிர, அப்போதே பதில் வேண்டும் என்பதற்காக அல்ல. ஆயினும் ஊரிலிருந்து வழமையாக வரும் பதில் ஓரிரவு வராவிட்டால், அம்மாவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்றுதான் இங்கே பதறுவார்கள். ஆகவே சொல்லாமல் ஒதுங்காதீர்கள். இரவு ஒன்பதுக்குப் பின் பார்க்கமாட்டேன், அவசரமென்றால் அழைப்பேன் என்று ஒருமுறை எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஞாயிறு காலை எட்டு மணிக்குக் காணொளி அழைப்பு. ஊரில் அப்போது மாலை ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. அந்த அழைப்பு தொடங்கிய பின் குழுவில் ‘எப்படிச் சுகம்’ என்ற விசாரிப்புகள் பெரும்பாலும் நின்றுவிட்டன.

கொக்குவில் வாசகி:
அனைவருக்கும் நன்றி. ஒலியை நிறுத்தி, தம்பி சொன்னபடி குழுவிலும் எழுதினேன். ‘ஏதும் கோபமோ?’ என்று ரொறன்ரோ மச்சாளிடமிருந்து உடனே கேள்வி வந்தது. ஞாயிற்றுக்கிழமை அழைப்பெடுத்து விளக்குவதாகச் சொல்லியிருக்கிறேன். வாசிகசாலை அவர்களுக்கு ஒரு கேள்வி: பாவனை நேரத்தில் அழைப்புகளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டுமா?

வாசிகசாலை:
வேண்டாம். முகநூலையும் ரிக்ரொக்கையும் மட்டும் குறியுங்கள். மச்சாளோடு பேசும் நேரத்தைக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை.