புதுப்பிப்பு: அக்கா மகனின் 16 வயதுக்குட்பட்டோர் கூடைப்பந்து விவகாரம்

2008 டிசம்பர் இறுதியில் பிறந்த அக்கா மகன், 2025 மாவட்ட லீக்கில் 16 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆடலாமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? முடியாதாம். ஃபிபா (உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) போட்டிகளைப் போலவே இங்கும் பிறந்த ஆண்டுதான் கணக்கு. 2009 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்திருக்க வேண்டும். அந்த ஜனவரியில் பிறந்த பையனுக்கும் இப்போது 16 முடிந்துவிட்டது, ஆனால் அவன் ஆடலாம்!

சான்றிதழில் தேதியைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்ன அன்பருக்கு: வேண்டாம் சாமி. அசல் பிறப்புச் சான்றிதழைத்தான் பார்க்கிறார்கள், பார்க்கவும் வேண்டும்.

சரி, 18 வயதுப் பிரிவில் பெயர் கொடுத்தாயிற்று. பந்தின் அளவு 16 வயதுப் பிரிவில் உள்ள அதே 7-ஆம் எண்தான். எதிரணியில் 2007-இல் பிறந்த தடியன்கள் இருப்பார்கள். பையன் குஷியாக இருக்கிறான், அக்காவுக்குத்தான் கவலை.