பச்சிளங்குழந்தை மருத்துவர்கள்: செட்டிநாட்டுப் பக்கத்து அனுபவங்கள்

கானாடுகாத்தானிலிருந்து ஒரு தந்தை:

எங்கள் மகள் 30 வாரத்தில் பிறந்தாள். எடை 1,200 கிராம். காரைக்குடியில் பிரசவம். அன்றிரவே பச்சிளங்குழந்தைகளுக்கான 108 ஆம்புலன்ஸில் திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரைக்குக் கொண்டுபோனோம். அங்கே பார்த்த டாக்டரம்மாவைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

“பிழைத்துவிடுவாளா?” என்று கேட்டேன். “இன்றைக்கு மூச்சைப் பற்றி மட்டும் பேசுவோம்” என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்பாக்டன்ட் என்ற பொருள் இப்படி முந்திப் பிறக்கும் பிள்ளைகளுக்குப் போதிய அளவு ஊறியிருக்காதாம். அதை மெல்லிய குழாய் வழியே மூச்சுக்குழலில் செலுத்தினார்கள். 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பிறந்து இரண்டே நாளில் இறந்தது இந்தக் கோளாறால்தான், அப்போது இந்த மருந்து இல்லை என்று பிறகொரு நாள் சொன்னார். மறுநாள் பாலைப் பற்றிப் பேசினார், அதற்கடுத்த நாள் மஞ்சள் காமாலையைப் பற்றி. எடை இறங்கியதைக் கண்டு நான் பதறியபோது, “முதல் வாரம் இறங்கத்தான் செய்யும். அதற்குப் பிறகும் ஏறாவிட்டால் நானே வந்து சொல்வேன்” என்றார்.

எங்கள் ஆத்தாவுக்கு வேறு கவலை. சேனை தொடாமல் பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்களே என்று. பிறந்த பிள்ளையின் நாக்கில் சீனித்தண்ணீர் தொட்டு வைப்பதுதான் சேனை; தொடுபவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. டாக்டரம்மா அதட்டவில்லை. “யாரை நினைத்திருக்கிறீர்கள், ஆச்சி?” என்று கேட்டார். பினாங்கில் கடை நடத்தும் எங்கள் அம்மானைத்தான். அவரைப் போல வர வேண்டுமாம். “சீனித்தண்ணீர் இந்தக் குடலுக்கு ஆகாது. பெற்றவளின் சீம்பாலைத் தொடலாம், குணமும் அவளுடையதே வரட்டும்” என்றார். செவிலியர் கன்னத்தின் உட்புறத்தில் இரண்டு சொட்டுத் தடவியதைப் பார்த்த பிறகுதான் ஆத்தா சாப்பிட்டார். மருமகளின் குணம் வருவதில் அவருக்கு முழுச் சம்மதம் இல்லை என்பது தனிக்கதை.

தேவகோட்டைக்காரர், இத்துறை மருத்துவர்:

எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, குழந்தை மருத்துவத்தில் எம்.டி. 3 ஆண்டு, அதன்மேல் பச்சிளங்குழந்தை மருத்துவத்தில் டி.எம். 3 ஆண்டு. என்னோடு பள்ளியில் படித்தவன் தன் மகளைப் பள்ளியில் சேர்த்தபோது நான் நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு வந்தால், “இத்தனை பெரிய வீடு பூட்டிக் கிடக்கிறதே, முகப்பில் ஒரு கிளினிக் போடக்கூடாதா?” என்பார்கள். முகப்பில் உட்கார்ந்து காய்ச்சல் பார்க்கலாம். வென்டிலேட்டரில் இருக்கும் பிள்ளைக்கு இரவும் பகலும் பக்கத்திலேயே ஒரு செவிலியர் வேண்டும். இது தனியாள் தொழில் அல்ல.

மேலே எழுதியவருக்கு ஒன்று: அந்த அம்மா எதையும் மறைக்கவில்லை. முதல் சில நாட்களில் அதற்கு மேல் எங்களுக்கே தெரியாது.

காரைக்குடியிலிருந்து ஒரு தாய்:

என் மகன் 32 வாரத்துப் பிள்ளை. வீட்டுக்கு வந்து பால் நன்றாகக் குடித்துக்கொண்டிருந்தான். பிறந்து நாலாவது வாரம் டாக்டரே போனில் அழைத்து, விழித்திரைப் பரிசோதனைக்கு வரச் சொன்னார். கண்தான் நன்றாக இருக்கிறதே, இந்த வெயிலில் எதற்கு மதுரை என்று வீட்டில் ஆளாளுக்குப் பேசினார்கள். முந்திப் பிறந்தவர்களுக்கு விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளரக்கூடும், வெளியே எதுவும் தெரியாது, காலம் கடந்தால் பார்வை போய்விடும் என்று அவர் என் மாமனாரிடமே பேசினார். போனோம். லேசர் தேவைப்பட்டது, செய்தார்கள். 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தப் பரிசோதனை எப்போது என்று டாக்டரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.