மீன்பிடித் தடைக்காலத்தில் முடி நடலாமா? ஆவணியில் கல்யாணம்

தங்கச்சிமடம்_தம்பி:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். வயது 26. அப்பாவோடு விசைப்படகில் தொழிலுக்குப் போகிறேன். ரெண்டு மூணு வருசமாக நெற்றி மேலே ஏறிக்கொண்டே போகிறது, இப்போது உச்சியிலும் தோல் தெரிய ஆரம்பித்துவிட்டது. ஆவணியில் கல்யாணம். பெண் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நிச்சயத்துக்கு வந்த போட்டோக்காரர்தான் "லைட் அடிக்குது, கொஞ்சம் தலையைத் தூக்கிக்கங்க" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்.

மதுரையில் ஒரு இடத்தில் விசாரித்தேன். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பச் சொன்னார்கள், பார்த்துவிட்டு 3,000 கிராஃப்ட் (பின்மண்டையிலிருந்து எடுத்து நடுகிற வேர்க்கொத்து), 45,000 ரூபாய், இந்த வாரமே முன்பணம் கட்டினால் 35,000 என்றார்கள். ஒரே நாளில் முடிந்துவிடுமாம், மறுநாளே வேலைக்குப் போகலாமாம். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை எப்படியும் படகு கரையில்தான் கிடக்கும், அந்த நேரத்தில் செய்துகொள்ளலாம் என்று யோசனை. அரசாங்கம் தரும் தடைக்கால நிவாரணம் 8,000 வீட்டுச் செலவுக்கே காணாது, அதனால் கடன்தான் வாங்க வேண்டும். உப்புத் தண்ணியும் வெயிலும் நட்ட முடிக்கு ஆகுமா? கல்யாணத்துக்குள் வளர்ந்துவிடுமா? அப்பா வேறு, எல்லாம் இந்த போர்வெல் உப்புத் தண்ணியால் வந்தது என்று ஒரே பேச்சு.

கீழக்கரை_துபாய்:
தம்பி, நான் செய்துகொண்டவன், அதனால் நடப்பதை அப்படியே சொல்கிறேன். பின்மண்டையை ஒட்ட மழித்துக் குப்புறப் படுக்க வைப்பார்கள். மரத்துப்போகும் ஊசி போடும்போதுதான் வலி, அது கண்ணில் தண்ணீர் வரவைக்கும், அதற்குப் பிறகு வலி தெரியாது, ஒரு சின்ன மோட்டார் 'கிர்ர்' என்று ஒவ்வொரு வேராக எடுக்கும் சத்தம் மட்டும் மணிக்கணக்கில் காதுக்குள்ளேயே ஓடும். எடுத்ததையெல்லாம் குளிர்ந்த உப்புக் கரைசலில் வரிசையாகப் போட்டு வைத்துவிட்டு, மல்லாக்கப் படுக்க வைத்து முன்பக்கம் நடுவார்கள். ஒரு கிராஃப்டில் ஒரு முடியும் இருக்கும், மூணு நாலும் இருக்கும். நெற்றியோரத்தில் ஒற்றை முடியாகப் பார்த்து நட வேண்டும், இல்லையென்றால் பொம்மைத் தலை மாதிரிக் குத்திக்கொண்டு நிற்கும்.

மறுநாள் வேலை என்பதெல்லாம் ஏசி ரூமில் உட்காருகிறவனுக்கே சந்தேகம். நெற்றி வீங்கி, அந்த வீக்கம் கண் இமைக்கு இறங்கும். தலையணையை உயர்த்தி வைத்து நிமிர்ந்தபடிதான் தூக்கம். முதல் பத்து நாள் தலையில் எதுவும் உரசக்கூடாது. நீ வலை இழுக்கிறவன், ஐஸ் பெட்டி தூக்குகிறவன், வியர்வை வேறு. ஒரு மாதமாவது கடலில் இறங்காதே, அதற்கு மேலும் சில மாதம் மொட்டை வெயிலில் தலையைக் காட்டாதே. இந்தக் கணக்குக்குத் தடைக்காலம் தோதுதான்.

ஆனால் கல்யாணக் கணக்கு உதைக்கிறது. நட்ட முடி அப்படியே வளராது. ரெண்டு மூணு வாரத்தில் உதிர ஆரம்பிக்கும், வேர் மட்டும் உள்ளே இருக்கும், மூணு நாலு மாதம் கழித்துத்தான் பூனை முடி மாதிரி முளைக்கும். முழுசாகத் தெரிய ஒன்பது மாதம், ஒரு வருசம்கூட ஆகும். பக்கத்தில் ஏற்கெனவே இருந்த முடியும் அதிர்ச்சியில் கொஞ்சம் கொட்டலாம். மே மாதம் செய்தால் ஆவணியில் இப்போது இருப்பதைவிட மோசமாகத்தான் மேடையில் நிற்பாய்.

மண்டபம்_அக்கா:
தம்பி, நான் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். முதலில் அப்பாவுக்குப் பதில்: உப்புத் தண்ணி முடியை வறட்டும், சிக்காக்கும், உடைக்கவும் செய்யும், ஆனால் நெற்றி ஏறுவதும் உச்சி தெளிவதும் பரம்பரை. டிஎச்டி என்ற ஹார்மோனுக்கு முன்மண்டை, உச்சி வேர்கள் மசிந்துபோகும், பின்மண்டை வேர்கள் அவ்வளவாக அசையாது. காவிரித் தண்ணியில் குளிக்கிறவருக்கும் அதே வழுக்கைதான். பின்மண்டை வேரை எடுத்து முன்னால் வைத்தாலும் அது தன் பழைய குணத்தோடுதான் வளரும் என்று 1959லேயே நியூயார்க்கில் ஓரன்ட்ரைக் என்ற டாக்டர் எழுதினார். இன்றைக்கு நடக்கும் மொத்தத் தொழிலும் அதன் மேல்தான் நிற்கிறது.

என் கவலை வேறு. உனக்கு 26தான், இன்னும் உதிர்ந்துகொண்டிருக்கிறது. நடுவது உதிர்வதை நிறுத்தாது. இப்போது முன்னால் நட்டு, அஞ்சு வருசத்தில் அதற்குப் பின்னால் இருப்பது கொட்டினால், முன்னால் ஒரு கீற்றும் நடுவில் பொட்டலுமாக நிற்கும். திரும்ப நட வேர் வேண்டும், அது தடைக்காலம் முடிந்தால் பெருகிவிடும் மீன் இல்லை, எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் மொத்தத்துக்கும் அஞ்சு ஆறாயிரம் கிராஃப்ட் தேறினாலே பெரிது, அதில் பாதியை உச்சந்தலையைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஒருவர் வாட்ஸ்அப்பில் பார்த்து முடிவு செய்திருக்கிறார்!

முதலில் ராமநாதபுரம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரைப் பார். புழுவெட்டோ, தைராய்டோ, காய்ச்சலுக்குப் பின் கொட்டுவதோ என்றால் வைத்தியமே வேறு. பரம்பரைதான் என்றால் தலையில் தடவ மினாக்ஸிடில், மாத்திரையாக ஃபினாஸ்டிரைடு என்று ஆரம்பிப்பார்கள். பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும், நிறுத்தினால் காப்பாற்றியதும் போய்விடும். ஃபினாஸ்டிரைடால் சிலருக்கு ஆசை குறையலாம், மனசு சோர்ந்து போகலாம், கல்யாணம் வைத்திருப்பதால் டாக்டரிடம் வெட்கப்படாமல் கேள். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது, அதையும் வீட்டில் சொல்லி வை.

தொண்டி_மொட்டை:
அக்கா சொன்னதெல்லாம் சரி. எனக்கு 24லேயே போய்விட்டது, மெஷினை வைத்து ஒட்ட அடித்துவிட்டேன், செலவு மாதம் ஒரு பிளேடு. கல்யாணமும் ஆனது, பிள்ளையும் பிறந்தது. எவனோ ஒரு போட்டோக்காரன் சொன்னதற்குக் கடன் வாங்குவாயா? அந்தக் காசில் டீசல் அடிக்கலாம்.

தங்கச்சிமடம்_தம்பி:
கீழக்கரைக் காக்கா, மண்டபம் அக்கா, ரொம்ப நன்றி. ஆவணிக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை, அந்த மதுரைக்காரரும் சொல்லவில்லை. தொண்டி அண்ணே, உங்களுக்கு மண்டை உருண்டையாக இருக்கும் போல, எனக்குப் பின்னால் தட்டை! சரி, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். பிறகு எப்போதாவது நடுவதென்றால் இடத்தை எப்படிப் பார்த்து எடுப்பது?

மண்டபம்_அக்கா:
யார் வெட்டுகிறார், யார் நடுகிறார் என்று நேராகக் கேள். தேசிய மருத்துவ ஆணையம் 2022லேயே சொல்லிவிட்டது: முறையான பயிற்சி பெற்ற பிளாஸ்டிக் சர்ஜனோ, அறுவை சிகிச்சை பழகிய தோல் டாக்டரோதான் செய்ய வேண்டும், யூடியூப் பார்த்ததும் ஒர்க்‌ஷாப் போனதும் பயிற்சி ஆகாது. டாக்டர் பெயரையும் பதிவு எண்ணையும் வாங்கி மருத்துவக் கவுன்சிலில் சரிபார். "டாக்டர் பக்கத்து ரூமில் இருப்பார்" என்றால் எழுந்து வந்துவிடு. மரத்துப்போகும் மருந்தும் எடைக்குத் தக்க அளவுதான், மிஞ்சினால் வலிப்பு வரும், இதயமே நின்றுபோகலாம், அதைச் சமாளிக்க ஆளும் மருந்தும் ஆக்சிஜனும் அதே அறையில் இருக்க வேண்டும். 2016ல் சென்னையில் முடி நடப் போன ஒரு மருத்துவ மாணவரே இறந்துபோனார்.

இந்த வாரம் கட்டினால் பத்தாயிரம் குறைவு என்கிற இடத்துக்கு மட்டும் முன்பணம் அனுப்பாதே. அனுப்பிவிட்டாயா?

தங்கச்சிமடம்_தம்பி:
இல்லை அக்கா, ஜிபே வேலை செய்யவில்லை. பாம்பன் பக்கம் டவர் இல்லாததும் ஒரு வகையில் நல்லதுதான்.