ஆத்தங்குடிக் கல்லில் வரைந்த முக்கோணம்

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு மாலை நேரத்தில் கணிதம் சொல்லித் தருகிறேன். நேர்மாறு முக்கோணவியல் சார்புகள் நடந்த ஒரு நாள், கொசைன் நேர்மாறு 3/5 என்பதன் சைன் மதிப்பைக் கேட்டதும், பக்கத்து வீட்டுப் பெண், cos⁻¹ என்று எழுதுகையில் cos-இன் தலைமேல் வரும் −1 ஐ அடுக்காக எண்ணிக்கொண்டு 5/3 என்று எழுதத் தொடங்கினாள்.

“அது ஒரு கோணம், ஆத்தா. எந்தக் கோணத்துக்குக் கொசைன் 3/5 வருமோ, அந்தக் கோணம்” என்றேன். விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. உடனே சாக்பீஸை எடுத்து, தரையில் பதித்த சதுரமான ஆத்தங்குடிக் கற்களின் விளிம்பையொட்டி மூன்று கல் நீளத்துக்கு ஒரு கோடும், அதன் வலது முனையிலிருந்து செங்குத்தாக நான்கு கல் நீளத்துக்கு மற்றொரு கோடும் போட்டு, இரு நுனிகளையும் சேர்த்தேன். சாய்ந்த கோட்டை நூலால் அளந்து, அதே நூலைக் கல் வரிசையில் கிடத்தி எண்ணியவள், “சரியா அஞ்சு கல்லு, ஆச்சி” என்றாள். அடுத்துள்ள பக்கம் 3, கர்ணம் 5. ஆகவே இடது மூலையில் இருப்பதே நாங்கள் தேடிய கோணம், எதிர்ப்பக்கம் 4 ஆதலால் அதன் சைன் 4/5. அக்கோணம் ஏறத்தாழ 53.13 டிகிரி என்பதைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே எழவில்லை.

நான் படித்தபோது இந்தப் படத்தை யாரும் போட்டுக் காட்டவில்லை. சூத்திரங்களை மனப்பாடம் செய்துகொண்டு போய், கொசைன் நேர்மாறு −5/13 என்பதன் டேன் மதிப்பை 12/5 என்று எழுதி மதிப்பெண்ணை இழந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. முக்கோணம் அளவைத்தான் தரும். மிகையா குறையா என்ற குறியை வீச்சகத்திடம்தான், அதாவது விடையாக வரக்கூடிய கோணங்களின் எல்லையிடம்தான், கேட்க வேண்டும். கொசைன் நேர்மாறின் வீச்சகம் 0 முதல் 180 டிகிரி வரை என்பதால், மதிப்பு குறை எண்ணாக இருக்கும்போது கோணம் 90-க்கும் 180-க்கும் இடைப்பட்ட இரண்டாம் கால்பகுதியில், இங்கே ஏறத்தாழ 112.6 டிகிரியில் அமைகிறது. அங்கே சைன் 12/13 என மிகையாகவே இருக்க, டேன் மட்டும் −12/5 ஆகிறது.

இதைச் சொன்னதும் அவளே சாக்பீஸை வாங்கி, அதே இடது மூலையிலிருந்து எதிர்த்திசையில் மூன்று கல் அளந்து −3 என்று குறித்தாள். உயரம் மாறாததால் சைன் 4/5 ஆகவே நின்றது; டேன் −4/3 ஆனது.

பிறகு, டேன் நேர்மாறுக்குள் எண் இல்லாமல் ‘அ’ என்ற எழுத்து வந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். எதிர்ப்பக்கத்தில் ‘அ’, அடுத்துள்ள பக்கத்தில் 1 என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். கர்ணத்தின் மேல் √(1+அ²) என்று எழுதி, கொசைன் 1/√(1+அ²) என்று அவளாகவே முடித்தாள்.