புதுப்பிப்பு: உச்சி வெய்யிலில் தெருப் படம், நிழலும் வெள்ளை வேட்டியும்

முந்தைய பதிவில் மத்தியான வெய்யிலுக்கு மனுவல் மோட் (எல்லாம் நாமே வைப்பது), ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 400, துளை எஃப் 8, ஷட்டர் 1/1600 செக்கன் என்று சொல்லியிருந்தேன். பிறகு வந்த கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஆள் வெய்யிலிலிருந்து கடை நிழலுக்குள் போனால் என்ன செய்வது?

வானம் பார்த்த நிழல் (மேலே வானம் திறந்திருக்கும் நிழல்), வெய்யிலைவிட ஏறக்குறைய 3 ஸ்டொப் குறைவு (ஒரு ஸ்டொப் குறைந்தால் வெளிச்சம் பாதி). ஷட்டர் 1/200 ஆகும். டயல் 1/3 ஸ்டொப் படியில் இருந்தால் 9 சொடுக்கு. கண்ணை எடுக்காமல் விரலாலேயே எண்ணலாம். ஆனால் 1/200இல் நடப்பவரின் கைவீச்சு கலங்கும். ஐஎஸ்ஓவை 800 ஆக்கி 1/400 எடுப்பதே என் விருப்பம். தகரக் கூரைக்குள் இந்தக் கணக்குச் செல்லாது, அளந்துதான் எடுக்கவேணும்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா வேறு கதை. (கோயிலைச் சுற்றியுள்ள வெளிவீதிக்கு மட்டும், கோயிலுக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள்.) ஆகஸ்ட் கடைசியில் நண்பகல் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ நேர் மேலே நிற்கும், கண்குழி கறுத்துவிடும். வெய்யில் விழுந்த மணலுக்குப் பக்கத்தில் நிற்பவரைத் தேடுங்கள். மணல் கீழிருந்து முகத்துக்கு வெளிச்சம் தரும்.

ஓட்டோ மோடில் (வெளிச்சத்தைக் கமராவே கணிப்பது) எடுப்பவர்களுக்கு: வேட்டிகள் சட்டகத்தை நிரப்பினால் கமரா அவற்றைச் சாம்பலாக்கும், எக்ஸ்போஷர் திருத்தம் +1 (ஒரு ஸ்டொப் கூட) கொடுங்கள். இருண்ட வாசலுக்கு முன்னால் ஒற்றை வேட்டி என்றால் எதிர்மாறு, −1 முதல் −1.7 வரை. ஹைலைட் எச்சரிக்கை (வெளுத்துப்போன இடம் திரையில் சிமிட்டுவது) ஜேபெக்கை, அதாவது கமரா பதப்படுத்திய படத்தை, வைத்தே சிமிட்டுகிறது. ரோவில் (பதப்படுத்தாத கோப்பு) இன்னும் கொஞ்சம் விவரம் மிச்சமிருக்கும். பெருப்பித்துப் பார்த்து வேட்டி மடிப்புத் தெரிந்தால் போதும். தோளில் வியர்வை மினுங்குவது, சைக்கிள் ஹாண்டில் சிமிட்டினால் விட்டுவிடுங்கள்.