அப்பா அம்மாவை ஜப்பான் குழுச் சுற்றுலாவுக்கு அனுப்பலாமா?

லாஸ்பேட்டை மகள்:

எல்லாருக்கும் வணக்கம். புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். அப்பா பொதுப்பணித் துறையில் டிராப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 69. அம்மாவுக்கு 64. அப்பாவுக்கு ரொம்ப காலமாகவே ஜப்பான் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதற்குக் காரணம் எங்கள் ஊர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி. அதை வடிவமைத்த அன்டோனின் ரேமண்ட் டோக்கியோவில் அலுவலகம் வைத்திருந்தவர். இங்கேயே தங்கி வேலையைக் கவனித்த ஜார்ஜ் நகஷிமா ஜப்பானிய வம்சாவளி. அந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அப்பா நிறுத்தமாட்டார். அங்கே உள்ள மரக் கோயில்களைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்கிறார்.

சென்னையிலிருந்து கிளம்பும் ஒரு குழுச் சுற்றுலா பார்த்திருக்கிறோம். டோக்கியோ, ஹகோனே, கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிரோஷிமா எல்லாம் பட்டியலில் இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதளத்தில் நடந்துவிடுவார், நிறையப் படி ஏறினால் மறுநாள் எழுந்திருக்க முடியாது. சுத்த சைவம், முட்டைகூடச் சாப்பிடமாட்டார். எதைக் கேட்டாலும் ஏஜென்ட் "நாங்க பாத்துக்கறோம் மேடம்" என்று முடித்துவிடுகிறார்.

மே மாதம் என்றால் எனக்கும் லீவு, கூடப் போகலாம். நவம்பர் என்றால் அவர்கள் இருவரும் மட்டும்தான். போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

கெடிலக்கரை:

அம்மா, நான் கடலூர் மஞ்சக்குப்பம். நானும் என் வீட்டுக்காரியும் இதே மாதிரி ஒரு குழுவில் நவம்பர் கடைசியில் போய் வந்தோம். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால், நோட்டீஸில் எத்தனை இடம் போட்டிருக்கிறான் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். ஓர் இடத்தில் எத்தனை மணி நேரம் விடுகிறார்கள், எத்தனை தடவை ஓட்டல் மாறுகிறார்கள், இந்த இரண்டையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வயதானவர்களைச் சோர்ந்துபோக வைப்பது தினமும் பெட்டி கட்டுவதுதான். கியோட்டோவிலோ ஒசாகாவிலோ ஒரே ஓட்டலில் சேர்ந்தாற்போல மூன்று இரவு தங்க வைக்கிற குழு கிடைத்தால் கொஞ்சம் காசு கூடப் போனாலும் அதையே பிடியுங்கள். அங்கிருந்து நாரா பக்கம். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

முழங்கால் விஷயத்தை விவரமாகவே சொல்கிறேன், ஏஜென்ட்கள் இதைச் சொல்வதில்லை. டோக்கியோவின் அசகுசா கோயில் சமதளம். நாகமிசே கடைத்தெருவில் ஆற அமர நடந்து போகலாம். சிரமம் கியோட்டோவில்தான். கியோமிஸு கோயிலுக்குப் பஸ் கீழேயே நின்றுவிடும். இரண்டு பக்கமும் கடைகள் உள்ள ஏற்றமான தெருவில் ஏறிப் போய், அதற்கப்புறம் கோயில் படிகள். பொன் வேய்ந்த கின்ககுஜி கோயிலில் குளத்தைச் சுற்றிப் போகிற வழி நன்றாக இருக்கும். ஆனால் அது ஒருவழிப் பாதை, பின்பக்கம் படி ஏறித்தான் வெளியே வர முடியும். ஃபுஷிமி இனாரி கோயிலில் மலை உச்சிவரை சிவப்பு வளைவுகள் போகின்றன. குழுக்கள் அடிவாரத்தில் வளைவுகள் நெருக்கமாக நிற்கிற பகுதி வரைதான் போகும், அதுவே போதும்.

எங்களுக்குக் கியோட்டோவில் வந்த வழிகாட்டி ஓர் அம்மாள், எழுபதை ஒட்டிய வயது. கையில் மடக்குக் குச்சி, அதன் நுனியில் ஒரு மஞ்சள் துணி. எங்கள் காதுகளில் சின்ன ரிசீவர் மாட்டிவிட்டார்கள், அவர் முன்னால் மெதுவாகப் பேசுவது பின்னால் வருகிறவருக்கும் கேட்கும். கியோமிஸு ஏற்றத்தில் என் மனைவி பின்தங்கிவிட்டாள். அந்த அம்மாள் குழுவைச் சென்னை டூர் மேனேஜரோடு மேலே அனுப்பிவிட்டு இறங்கி வந்து, ஒரு கடைக்காரரிடம் ஏதோ சொல்லி, ஸ்டூல் வாங்கிப் போட்டார். உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க, மேலே போனதும் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். 1633-இல் மறுபடி கட்டிய மரமேடை, உயரம் 13 மீட்டர், ஒரு மரத்தை இன்னொன்றில் துளைத்துக் கோத்திருக்கிறார்கள், ஆணி கிடையாது. மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, இறங்கி வரும் வழியில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் குறுக்குச் சட்டங்கள் தூண்களுக்குள் புகுந்து மறுபக்கம் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும் என்றார். உங்கள் அப்பாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். எங்கள் குழுவில் பாதிப்பேர் மேலே போட்டோ எடுத்துக்கொண்டு நேராகப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

நாராவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தோடைஜி கோயிலில் உள்ள வெண்கலப் புத்தர் உட்கார்ந்த நிலையிலேயே 15 மீட்டர். அவருக்குக் கண் திறந்து வைத்தவர் நம் நாட்டிலிருந்து போன துறவி போதிசேனர், ஆண்டு 752. கண் எழுதிய தூரிகையில் நீளமான நூல் கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்களாம், எல்லாருக்கும் அந்தப் புண்ணியத்தில் பங்கு வேண்டும் என்று. பாடலீஸ்வரர் தேரில் கை எட்டாதவர்கள்கூட வடத்தின் நுனியையாவது தொட்டுவிடப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரி அங்கேயே நின்று கைகூப்பிவிட்டாள். அந்தத் தூரிகையையும் நூலையும் இன்றைக்கும் ஷோசோயின் என்ற கருவூலத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊருக்கு எங்கள் குழு ஒதுக்கியது ஒன்றரை மணி நேரம், அதிலும் மான்களுக்கு பிஸ்கட் கொடுப்பதில் பாதி போய்விட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை. குறைந்தது அரை நாள் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள்.

மாதத்தைப் பற்றி: மே முதல் வாரம் வேண்டவே வேண்டாம். ஏப்ரல் 29 தொடங்கி மே 5-க்குள் அவர்களுக்கு நாலு அரசு விடுமுறை, ஜப்பானே ரயிலில் இருக்கும். மே நடுவில் பரவாயில்லை. நவம்பர் கடைசியில் கியோட்டோ முழுக்க மேப்பிள் இலை சிவந்திருக்கும், குளிருக்கு ஒரு நல்ல ஸ்வெட்டர் போதும். ஒரே விஷயம், நவம்பர் நமக்குப் புயல் மாதம். விமானம் ராத்திரி என்றாலும் முதல் நாளே சென்னை போய்த் தங்கிவிடச் சொல்லுங்கள். ஈசிஆரை நம்பிக் கடைசி நேரத்தில் கிளம்பக் கூடாது.

புலியூர் சமையல்:

சாப்பாட்டை நான் சொல்கிறேன் தங்கச்சி, திருப்பாதிரிப்புலியூரிலிருந்து. நானும் முட்டை சாப்பிடாதவள்தான்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் இந்திய ஓட்டலுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள், அதில் கவலை இல்லை. ஆனால் ரொட்டி, பனீர், பருப்பு என்று வடக்கத்திச் சாப்பாடுதான் வரும். அம்மா சாதம் தேடுவார். மதியம்தான் பார்த்துச் சாப்பிட வேண்டும். ஜப்பான்காரர்கள் சூப், குழம்பு எல்லாவற்றுக்கும் அடிப்படையாக "தாஷி" என்று ஒரு சாறு எடுக்கிறார்கள். அதில் காய்ந்த மீன் சீவல் சேரும். பார்த்தால் வெறும் காய்கறி மாதிரிதான் இருக்கும். மிசோ சூப்பிலும் அதுதான். "மீன், இறைச்சி, முட்டை, மீன் சாறு எதுவும் வேண்டாம்" என்று ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டை ஒன்றை டூர் மேனேஜரிடம் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெறும் "வெஜிடேரியன்" என்றால் மீன் சாற்றை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. கியோட்டோவில் புத்த மடத்துச் சமையல் என்று தனியாக உண்டு, ஷோஜின் ரியோரி என்பார்கள். அதில் பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. ஒரு வேளையாவது அதற்கு ஏற்பாடு செய்வார்களா என்று கேட்டுப் பாருங்கள், அம்மாவுக்குப் பிடிக்கும்.

என்னைக் காப்பாற்றியது தெருமுனைக் கடைகள். இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும். வெள்ளைச் சாதம் கிண்ணத்தில் விற்கிறார்கள், அங்கேயே சூடு பண்ணிக் கொடுப்பார்கள். சர்க்கரை போடாத தயிரும் இருக்கிறது. அவர்கள் அரிசி ஒட்டும், கிள்ளினால் பிரியாது. அந்தச் சாதம் சூடாக இருக்கும்போதே தயிரை விட்டு, கரண்டியின் பின்புறத்தால் அமுக்கி, உப்புப் போட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன நார்த்தங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டேன். நம் வீட்டுத் தயிர்சாதத்துக்கு ஒரு மாற்றுக் குறையாது.

ரைஸ் குக்கர் எடுத்துப் போகாதீர்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட்தான், நம்மூர் குக்கர் சூடே ஏறாது. ஓட்டல் அறையில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் இருக்கும், வெந்நீர் ஊற்றினால் ஆகிற உப்புமாப் பொட்டலம் போதும். போன் சார்ஜருக்குத் தட்டையான இரண்டு முள் உள்ள அடாப்டர். பழம், கறிவேப்பிலை மாதிரிப் பச்சையாக எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

நைனார்மண்டபம்:

அக்கா, ஹிரோஷிமாவை எடுத்துவிட்டு ஷாப்பிங் நாள் வைக்கலாமா என்று சில ஏஜென்ட்கள் கேட்பார்கள். எங்களிடமும் கேட்டார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். ஒசாகாவிலிருந்து புல்லட் ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான்.

குண்டு விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் எலும்புக்கூடாக நிற்கிற அந்தக் குவிமாடக் கட்டடம் 1915-இல் கட்டியது. வடிவமைத்தவர் யான் லெட்செல், செக் நாட்டுக்காரர். உங்கள் அப்பா சொல்கிற ரேமண்டும் பிறப்பால் செக் நாட்டவர்தான், அதனால் அப்பாவுக்கு அங்கே நிற்கும்போது சொல்லத் தோன்றுவது நிறைய இருக்கும். அருங்காட்சியகத்தில் மூன்று வயதுப் பையன் ஓட்டிக்கொண்டிருந்த மூன்று சக்கர சைக்கிள் இருக்கிறது. முழுக்கத் துருப்பிடித்துப்போய். 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15-க்கு நின்றுபோன கடிகாரம் இருக்கிறது. எங்கள் பஸ்ஸில் அன்று மாலை யாரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை. அம்மா மனதுக்குப் பாரமாக இருக்கும் என்று நினைத்தால் அவர் வெளியே பூங்காவில் உட்காரட்டும், சமதளம், நிழல் நிறைய. அப்பா உள்ளே போகட்டும்.

லாஸ்பேட்டை மகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கியோமிஸு மேடையைப் பற்றி வாசித்துக் காட்டினேன், அப்பா உடனே பேப்பர் எடுத்து மூட்டு எப்படி இருக்கும் என்று வரைய ஆரம்பித்துவிட்டார். கெடிலக்கரை ஐயா, இன்னும் இரண்டு கேள்வி. ரயிலில் பெரிய பெட்டிகளைத் தூக்கி ஏற்ற இவர்களால் முடியாதே? ஃபுஜி மலை நிச்சயம் தெரியுமா?

கெடிலக்கரை:

பெட்டியைத் தூக்க வேண்டியதில்லை அம்மா. டோக்கியோ பக்கத்திலிருந்து கியோட்டோ போகும்போது பெரும்பாலான குழுக்கள் பெரிய பெட்டிகளை லாரியில் தனியாக அனுப்பிவிடுவார்கள். அது அடுத்த நாள்தான் கைக்கு வரும். அதனால் ஒரு ராத்திரிக்கு வேண்டிய துணி, மாத்திரை எல்லாம் தோள்பையில் இருக்க வேண்டும். இதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், சில குழுக்கள் காசு மிச்சம் பிடிக்க ரயிலிலேயே ஏற்றச் சொல்வார்கள். வழியில் உள்ள ஸ்டேஷன்களில் அந்த ரயில் ஓரிரு நிமிடம்தான் நிற்கும். பிளாட்பாரத்தில் கோடு போட்ட இடத்தில் முன்கூட்டியே வரிசையில் நிற்க வேண்டும். எட்டு மணி என்றால் எட்டு மணிதான். பஸ் ஓட்டுநருக்கும் வேலை நேரத்துக்குக் கண்டிப்பான வரம்பு உண்டு, ஒருவர் தாமதித்தால் கடைசியில் ஓர் இடம் எல்லாருக்கும் அடிபடும்.

ஃபுஜிக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. 3,776 மீட்டர் மலை, மேகம் வந்தால் இருக்கிற இடமே தெரியாது. வெயில் காலத்தைவிடக் குளிர் காலத்தில் நன்றாகத் தெரியும், அதற்காகவும் நவம்பரே நல்லது. ஹகோனேயில் எங்களுக்கு ஏரி மட்டும்தான் தெரிந்தது. மறுநாள் ரயிலில் ஷின்-ஃபுஜி ஸ்டேஷனை ஒட்டிய இடத்தில் மலை முழுசாக வெளியே வந்தது. கியோட்டோ போகிற திசையில் வலது கைப்பக்க ஜன்னல். அப்பா அம்மாவுக்கு அந்தப் பக்கம் இடம் வேண்டும் என்று டூர் மேனேஜரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

மருந்தைப் பற்றி ஒன்று. சொந்த உபயோகத்துக்கு ஒரு மாதம் வரைக்கும் டாக்டர் எழுதிய மாத்திரை கொண்டுபோகலாம், சீட்டு கூடவே இருக்கட்டும். கோடீன் கலந்த இருமல் சிரப், சூடோஎபெட்ரின் கலந்த சளி மாத்திரை இவற்றுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. அம்மாவின் மாத்திரைப் பட்டியலை ஒருமுறை உங்கள் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

லாஸ்பேட்டை மகள்:

நவம்பர் என்றே முடிவு செய்துவிட்டோம் ஐயா. நாராவில் அரை நாள், கியோட்டோவில் மூன்று இரவு, லாரியில் பெட்டி, இந்த மூன்றையும் ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.